பாடுகிறவர் இல்லாத மைக்

ஆறு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் மாண்டலின் வாசித்தவன் நான். அத்தனை வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசித்ததில்லை என்பது, தனியாக ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்ட அன்று சாயங்காலம்தான் எனக்கே தெரிந்தது.

சினிமாப் பாட்டில் பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் இசை வரும். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் இன்னும் கொஞ்சம் வரும். இதைக் குழுவில் பிஜிஎம் என்போம். மாண்டலின்காரனுக்கு வேலை அந்த இடங்களில் மட்டும்தான். பாட்டு தொடங்கியதும் கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு தாளத்தை எண்ண வேண்டும். எட்டு, பதினாறு என்று எண்ணி, நம் இடம் வந்ததும் பாய்ந்து பிடிக்க வேண்டும். தவறினால் குழுத் தலைவர் மேடையிலேயே திரும்பி முறைப்பார். என்னைப் பார்த்து அவர் முறைத்ததில்லை. முன்னூறு பாட்டுக்கு மேல் எனக்கு பிஜிஎம் தெரியும்.

மேடையில் என் நாற்காலி தபேலாக்காரருக்குப் பின்னால், பக்கவாட்டில் கிடக்கும். அவர் நல்ல பருமன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் கூட்டத்தில் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் பாடுகிறவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அது வசதியாக இருந்தது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே பாதிப் பெயர்தான் வெளியே வரும். கல்யாணப் பந்தியில் மோர் கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றை இலையில் மூடிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குழுவுக்கு ஒரு கீபோர்டு வந்தது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்தது. தலைவர் அதை மேசைமேல் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். புல்லாங்குழல், வயலின், சிதார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒரு நம்பரை அழுத்தி, நான் வழக்கமாக வாசிக்கும் பிஜிஎம் ஒன்றை வாசித்தார். மாண்டலின் சத்தம் அப்படியே வந்தது.

"நாப்பத்தி மூணாம் நம்பர்ல நீ கீற பாத்தியா மச்சான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதத்துக்குப் பிறகு கச்சேரி என்று எனக்கு ஆள் வரவில்லை. ஏன் என்று நானும் போய்க் கேட்கவில்லை. மாண்டலினைத் துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டினேன். ஒன்றரை வருஷம் அங்கேயே தொங்கியது.

அப்போது எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் கம்பெனியில். தகட்டை அச்சில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இரும்பு இறங்கி வாஷர் வெட்டும். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர். நான் வாசிப்பேன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே, என் மாமனார் ஆவடி ஃபேக்டரில ரிட்டயர்டு ஆவுறாரு. அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம, சர்ச்சு முடிஞ்சதும் குவார்ட்டர்ஸ்ல சாப்பாடு. நீ வந்து வாசிக்கணும்."

"குழுவுல இப்ப நான் இல்லீங்க சார்."

"குழுவே வாணாம். அதான் விசயமே. மாமனாருக்கு சினிமா பாட்டுன்னா உசுரு. மாமியாருக்கு அந்தப் பேச்சே ஆவாது. சினிமா பாட்டு வார்த்த ஒண்ணுகூட ஊட்டு வாசல்ல கேக்கக் கூடாதுன்றாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல பேசிப் பேசி என் பொண்டாட்டிக்கு வாயே வலிச்சிப் போச்சு. கடசில ஒரு முடிவுக்கு வந்துகீறாங்க. வார்த்த இல்லாம மெட்டு மட்டும்னா பாவம் இல்லியாம். நீ ஒருத்தன் போதும். ஒரு மணி நேரம்."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மனிதரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சக்காரனால் ஆகாது. அதோடு இன்னொன்றும் உள்ளே கிடந்து குடைந்தது. இதையும் விட்டால் கடைசிவரைக்கும் நான் நாற்பத்து மூன்றாம் நம்பர்தான். தலையை ஆட்டிவிட்டேன். மீதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

அம்பத்தூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. ஒரே அறை. அதில் ஒரு மூலை அடுப்பங்கரை. அன்று வந்ததும் பையைக் கழற்றித் தூசி தட்டி, தந்திகளை முறுக்கி ஸ்ருதி சேர்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த மழைப் பாட்டு ஒன்றை எடுத்தேன். தொடக்க இசை விரலில் அப்படியே இருந்தது. அது முடிந்ததும் கை தானாக எழுந்து தொடைக்குப் போயிற்று. வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா, பாட்டக் காணோம்?"

"வரும்" என்றேன். எண்ணி முடித்து நடு இசையை வாசித்தேன். மறுபடியும் கை தொடைக்குப் போயிற்று.

"எலைய போட்ட, உப்பு வெச்ச, ஊறுகா வெச்ச. சோறு எங்கய்யா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெட்டு மட்டும் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மெட்டு என்பது பாடுகிறவர் பாடும் இடம். அந்த இடத்தை என் விரல் ஒரு நாளும் தொட்டதில்லை. காதுக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. பல்லவியின் முதல் வரியைப் பிடிக்கவே அன்று அரை மணி நேரம் ஆயிற்று. பிடித்ததும் அது மாண்டலினில் யாரோ தெரியாதவர் பேசுகிற மாதிரி இருந்தது.

கச்சேரிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பாட்டை எழுதி வைத்தேன். எனக்குப் பாட்டின் முதல் வரி நினைவில் நிற்காது. எல்லாவற்றுக்கும் பிஜிஎம்மை வைத்து நானே ஒரு பெயர் வைத்திருந்தேன். குதிரை ஓடுவது. குயில் இரண்டு தடவை. மாடிப்படி இறங்குவது. கொலுசு. மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது இன்னா, மளிக சாமான் லிஸ்டு மாரி கீது. மிருகக்காட்சி சாலைக்கா போற?" என்றாள்.

ஆனால் அவள்தான் வழி காட்டினாள். வேலை செய்துகொண்டே பாடுவது அவள் வழக்கம். எந்தப் பாட்டானாலும் வார்த்தை தவறாமல் வரும். அவள் பாத்திரம் கழுவியபடி பாட, நான் மெதுவாகப் பின்னாலேயே விரலை நகர்த்துவேன். ஒரு வரி பிடிபட்டதும் அதையே இருபது தடவை பாடச் சொல்வேன். "நான் இன்னா டேப் ரிக்கார்டரா?" என்று திட்டிக்கொண்டே பாடுவாள். பத்து நாளில் அவளுக்குத் தொண்டை கட்டியது. கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்து மறுபடியும் பாடச் சொன்னேன்.

அந்த நாட்களில் நான் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை. விடியற்காலை எழுந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாசிப்பேன். பஸ்ஸில் நின்றால் மேல்கம்பியில் விரல் ஓடும். சாப்பிடும்போது இடது கை தட்டின் விளிம்பில் ஓடும். சோப்பு டப்பா மூடியை வெட்டித் தந்தி மீட்டும் துண்டுகள் பத்து செய்தேன். ஒன்றும் சரியில்லை என்று இன்னும் பத்து செய்தேன். கச்சேரி தொடங்கும்போது ஏதாவது பேச வேண்டுமே என்று கண்ணாடி முன்னால் நின்று, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினைந்தாம் நாளோ என்னவோ, பிரஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கொலுசுப் பாட்டின் சரணம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தாளம் தொடைக்குப் போய், அங்கிருந்து காலுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. தகட்டை எடுக்கக் கையை விட்ட அதே நேரம் கால் பெடலை மிதித்தது. இரும்பு இறங்கியது. கையை இழுத்தேன். கையுறையின் நடுவிரல் நுனி மட்டும் அச்சில் மாட்டிக் கிழிந்து நின்றது. விரல் என்னிடம் இருந்தது. ஐந்தையும் எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்து மெயினை அணைத்தார். கிழிந்த கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, உன் வெரல நான் மாமனாருக்கு வாக்கு குடுத்துகீறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் பேக்கிங்ல போய் உக்காரு. பிரஸ் பக்கம் வந்த, அவ்ளோதான்."

அன்றிலிருந்து வாஷரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டிருந்தேன். மாமனாருக்கு வாக்கு கொடுத்த விரல் என்று, ஒவ்வொரு வாஷரையும் விளிம்பு படாமல் எடுத்தேன்.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பாட்டையும் மனைவியோடு சேர்ந்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிசிறில்லை. அவள் அடுப்பைத் தூண்டியபடி, "இப்ப நான் பாட மாட்டேன். நீயே வாசி" என்றாள். மழைப் பாட்டை எடுத்தேன். தொடக்க இசை முடிந்தது. கை எழுந்து தொடைக்குப் போயிற்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொரு பாட்டை எடுத்தேன். அதிலும் அப்படியே. தொடங்கும் இடத்தில் ஒரு குரல் வர வேண்டும், வந்தால்தான் விரல் நகரும். ஆறு வருஷப் பழக்கத்தை இருபது நாள் அசைக்கவில்லை.

"நான் வாய மூடினா நீ கைய மூடிக்கிற" என்றாள். "நாளைக்கி நான் அங்க வந்து பாட முடியாதுய்யா. அந்தம்மா தொடப்பக்கட்டய எடுத்துகினு வருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ரயிலில் ஆவடிக்குப் போனேன். உட்கார இடம் இருந்தும் வாசலிலேயே நின்றேன். திருமுல்லைவாயிலில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. அண்ணனூரில் இன்னொரு தடவை. இரண்டு தடவையும் காலை நகர்த்தாமல் நின்றதற்குத் தைரியம் காரணமில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஷாமியானா போட்டு இரும்பு நாற்காலிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்து மேலே ஜமக்காளம் விரித்தது மேடை. அதன் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஒளிந்துகொள்ள யார் முதுகும் இல்லை. மைக்செட்காரர் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி பேரு நைனா?"

"நான் மட்டும்தான்."

"பாடறவரு?"

"இல்ல."

"அப்ப இந்த நிக்கிற மைக்கு இன்னாத்துக்கு? கழட்டிடவா?"

முன்னால் அந்த மைக் நின்றால், யாரோ இருக்கிற மாதிரி கொஞ்சம் மறைவாக இருக்கும் என்று நினைத்தேன். "இருக்கட்டும்ணா" என்றேன். நான் செய்த தப்பு அதுதான்.

சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ரிட்டயர்டு ஆனவர் புது வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவரோடு வேலை பார்த்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் பின்னால் இரண்டு வரிசையை நிரப்பினார்கள். அவர் மனைவி கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வாசற்படியில் நின்று பந்திக்கு ஏற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். எல்லாருக்கும் வணக்கம் என்பது எனக்கு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. குனிந்து மழைப் பாட்டைத் தொடங்கினேன்.

தொடக்க இசை நன்றாக வந்தது. அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரிந்தது. ரிட்டயர்டு ஆனவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். கடைசிச் சுரம் முடியும்போது நிமிர்ந்தேன். எதிரே பாடுகிறவர் இல்லாத மைக் நின்றது. கை எழுந்து தொடைக்குப் போய்விட்டது.

விரலைத் தந்திமேல் வைக்க முயன்றேன். முதல் சுரம் எங்கே என்று தெரியவில்லை. இருபத்திரண்டு நாளும் எங்கே போயின என்று தெரியவில்லை. ஸ்பீக்கர் பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு வெல்டர், பாடுவதற்கு நான் இடம் விட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கணீரென்று பல்லவியை எடுத்தார். அடுத்த வரிக்குள் அந்த இரண்டு வரிசையும் சேர்ந்துகொண்டது. எனக்கு உயிர் வந்தது. எண்ணினேன், பதினாறில் பாய்ந்து நடு இசையைப் பிடித்தேன். கைதட்டினார்கள். சரணத்தை இன்னும் சத்தமாகப் பாடினார்கள். ரிட்டயர்டு ஆனவர் தொடையில் தாளம் போட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நடு வாசலில் சினிமாப் பாட்டு, ஒரு வார்த்தை குறையாமல்.

அந்தம்மா படியிறங்கி வந்தார். முதலில் வெல்டர் வாயை மூடினார். பிறகு ஒவ்வொருவராக மூடினார்கள். சூப்பர்வைசர் ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் மாண்டலினைப் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

"தம்பி, உக்காருங்க" என்றார் அந்தம்மா. "மொதல்ல வாசிச்சீங்களே, அது என்ன?"

"பிஜிஎம்முங்கம்மா. பாட்டுக்கு முன்னாடி வர்றது."

"அதுக்கு வார்த்தை உண்டா?"

"இல்லீங்கம்மா."

"நடுவுல வாசிச்சது?"

"அதுக்கும் இல்லீங்கம்மா. அங்க யாரும் பாட மாட்டாங்க."

திரும்பிப் பின் வரிசைகளை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ அதை மட்டும் வாசிங்க. பாட்டு ஆரம்பிக்கிற எடத்துல நிறுத்தினீங்கன்னா இவங்க வாயைத் தெறப்பாங்க. நிறுத்தாம அடுத்ததுக்குப் போயிடுங்க."

சொல்லிவிட்டுப் படிக்குத் திரும்பிப் போனார்.

இப்படி ஒரு கச்சேரியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. குதிரையை ஓடவிட்டேன். அது நிற்கும் இடத்தில் குயிலை இரண்டு தடவை கூப்பிடவைத்தேன். அங்கிருந்து மாடிப்படி இறங்கினேன். ஸ்ருதி மாறும் இடங்களில் நானாக நாலு சுரம் போட்டு ஒட்டினேன். மூன்றாவது துணுக்கிலேயே பின் வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது.

"மாமே, இது அந்தக் கப்பல் பாட்டு."

"கப்பலா? போடா. இது கல்யாணப் பாட்டு. ஹீரோயின் பச்சப் பொடவ கட்டிகினு வருவா."

"படமே கறுப்பு வெள்ள. உனக்கு எங்கருந்துடா பச்சப் பொடவ தெரிஞ்சிது?"

சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் வாசிப்பேன், அவர்கள் எந்தப் பாட்டு என்று சண்டை போடுவார்கள். பாட்டின் வரியைச் சொல்லக் கூடாது என்பதால் கையால் காட்டினார்கள், நடித்துக் காட்டினார்கள். ரிட்டயர்டு ஆனவர்தான் அதிகம் கண்டுபிடித்தார். என்னை யாரும் பார்க்கவில்லை என்பதை நடுவில் கவனித்தேன்.

ஒன்றை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. மிகப் பழசு. நான் அதைக் கொலுசு என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு தடவை வாசித்தேன். ரிட்டயர்டு ஆனவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படியிலிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது.

"பெரியவன் பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில ஓடுச்சே. அதுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா" என்றார். "ஆமா, அதேதான்."

"அக்கா, அப்ப நீங்களும் எல்லாத்தையும் கேட்டுகினுதான் இருந்துகீறீங்க" என்றார் வெல்டர்.

"காது எனக்கும் இருக்கு" என்றார் அந்தம்மா. "சாப்பிட வாங்க."

பந்தியில் என்னை ரிட்டயர்டு ஆனவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் இலையில் கறி குறையக் குறைய, அவர் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். கை கழுவும்போது அந்த வெல்டர் வந்தார். அண்ணனூரில் வீடு, பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், தை மாதம்.

"நீங்க மட்டும் வந்தாப் போதும் அண்ணாத்தே. ஆனா அங்க முழுப் பாட்டா வாசிக்கணும். வாசிப்பீங்க இல்ல?"

"வாசிப்பேன்" என்றேன்.

மூன்று மணி ரயிலிலும் வாசலில்தான் நின்றேன். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள். சூப்பர்வைசர் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கையைக் குலுக்கினார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு பாட்டில் ஒன்றின் ஒரு வரியைக்கூட நான் வாசிக்கவில்லை. தெரிந்ததை வாசித்துவிட்டுத் தப்பித்து வந்திருக்கிறேன். அதற்கு மேல் அந்த வெல்டரிடம் வாசிப்பேன் என்று ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். சட்டைப்பையில் விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எத்தினி பாட்டு வாசிச்ச?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நடந்ததை முழுதும் சொன்னேன். பாதி கேட்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப நான் தொண்ட கட்டிகினு பாடினது?"

அண்ணனூர் விஷயத்தையும் சொன்னேன்.

"எட்றா அத" என்றாள். கோபம் வந்தால் டா போட்டுத்தான் கூப்பிடுவாள். "ஒக்காரு. மழப் பாட்டு."

பையிலிருந்து எடுத்தேன். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உதட்டையும் உள்ளே இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். தொடக்க இசையை வாசித்தேன். முடிந்தது. கை எழுந்தது. அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கை பாதி வழியில் அப்படியே நின்றது. பிறகு இறங்கி முதல் சுரத்தைத் தொட்டது. தாளத்துக்கு மூன்று எண்ணிக்கை பிந்தித்தான் தொட்டது. குழுவாக இருந்தால் தலைவர் திரும்பி முறைத்திருப்பார். அடுத்ததைத் தேடினேன். அதுவும் கிடைத்தது.